இருபது என்று எழுதியிருந்தது

காய்ச்சலின் மூன்றாம் நாள், மாடிப்படி ஏறிவந்த என் கணவர் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பட்டாபிராமில் ரயிலேறி இருபத்திரண்டு வருஷம் அம்பத்தூர் கம்பெனிக்குப் போய்வந்த மனுஷர். நிமோனியா (நுரையீரலில் கிருமித்தொற்று) என்றார் டாக்டர். அன்றே வார்டில் சேர்த்தோம்.

நான் நர்சிங் கல்லூரி ஆசிரியை. அந்த வார்டில் டியூட்டி பார்த்த ரேவதி, போன வருஷம் என்னிடம் படித்து முடித்த பெண். அவளைப் பார்த்ததும் அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் மதியம் அவர் கண் திறந்தார்.

"மூச்சு வாங்குதுடி. நெஞ்சு மேல யாரோ குந்திகினு கீற மாதிரி கீது."

என் கண் போனதோ, கட்டிலில் தொங்கிய சார்ட்டுக்கு. ரேவதி எழுதியிருந்த சுவாச எண்ணிக்கை (நிமிடத்துக்கு எத்தனை மூச்சு) இருபது. பயப்பட வேண்டாத எண். ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்றேன். பாவி நான்.

மாலையில் வந்த டாக்டர் போர்வையை விலக்கி எண்ணினார். முப்பத்தாறு. உடனே ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பது). மூன்று நாள் போராடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மதியமே கவனித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கும் என்றார்.

காரியம் முடிந்தபின் ரேவதி வீட்டுக்கு வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் காத்திருந்தேன். அவள் தலை நிமிரவில்லை.

"நான் எண்ணல மேம். இருபதுன்னு போட்டுட்டேன். காலேஜ்லயே அப்டித்தான் போடுவோம். சார்ட்ல கட்டம் காலியா இருந்தா நீங்க மார்க்கு குறைப்பீங்க."

 எனக்குத் தெரியாததா? மாணவியாக இருந்தபோது நானும் இருபது போட்டவள்தான். சார்ட் சுத்தமாக இருந்தால் எங்கள் ஆசிரியைகள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆசிரியை ஆனபின் நானும் அப்படியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷப் படிப்பு ஒரு பெண்ணை எதற்குத் தயார் செய்ய வேண்டும்? முன்பு கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது இவ்வளவுதான்: நோயாளி சொன்னால் நம்ப, அவர் உடம்பைப் பார்க்க, எண்ணாததை எண்ணவில்லை என்று சொல்ல, பயப்படாமல் டாக்டரைக் கூப்பிட.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே, நெஞ்சு ஏறி இறங்குவதை நீங்களே எண்ணுங்கள். சந்தேகமென்றால் சத்தம் போட்டாவது ஆளைக் கூப்பிடுங்கள்.

இப்போது வகுப்பில் மாணவிகளை எதிரெதிரே உட்காரவைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்கிறேன். அந்த ஒரு நிமிடம் லேசில் முடிவதில்லை. அன்று மதியம் நான்கு மணி நேரம் அவர் பக்கத்திலேயே இருந்தேன். அதில் ஒரு நிமிடம்கூட அவருக்குக் கொடுக்கவில்லை.