கூடாரத்தைச் சுற்றிப் போன சிங்கம்

நடந்தவை, வரிசையாக:

1. நான்காம் வகுப்புப் பரீட்சை முடிந்த ஏப்ரலில், நானும் அம்மாவும் பீர்க்கன்கரணையிலிருந்து கிளம்பினோம். மூன்று விமானம் மாறி, நான்காவதாக ஒரு குட்டி விமானத்தில் ஏறி, நமீபியாவின் பாலைவனத்தில் இறங்கினோம்.
2. அங்கே ஒரு சஃபாரி முகாமில் அப்பா வேலை பார்த்தார். ஜெனரேட்டர், சோலார் பலகைகள், போர்வெல் மோட்டார் மூன்றும் அவர் பொறுப்பு.
3. எங்களுக்குப் பதினான்கு நாள் தங்க அனுமதி.
4. ஒன்பதாம் நாள் காலை திரும்பிவிட்டோம்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு பெண் சிங்கம் இருக்கிறது.

அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். அந்த முகாமில் விருந்தினராகத் தங்கும் வசதி எங்களுக்கு ஏழு பிறவியிலும் வராது. கூட்டம் குறைவான மாதம் என்பதால் மேலாளர் மனமிரங்கி, வேலையாட்கள் வரிசையின் கடைசிக் கூடாரத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார். கூடவே ஒரு நிபந்தனை. பெரிய மிருகம் எதுவும் அந்த வரிசை வரை வந்துவிட்டால், குழந்தை அடுத்த விமானத்தில் கிளம்ப வேண்டும். குழந்தை என்றால் அம்மாவும்தான். அப்பா முதல் நாளே எங்களை உட்காரவைத்து இதைச் சொன்னார். அது மிருகங்களுக்குப் போட்ட விதி என்று நான் எடுத்துக்கொண்டேன். அவை மீறாது என்றும் நம்பினேன்.

என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. பார்ப்பதையெல்லாம் எண் போட்டு எழுதினேன். ஓர் இடத்தை ஆறு என்று காட்டினார்கள். அதில் தண்ணீர் இல்லை, மரங்கள் நின்றன. கடல் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, ஆனால் விடிந்தால் கடலிலிருந்து மூடுபனி வந்து கூடாரத் துணியை நனைத்துவிட்டுப் போனது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. அதை மேலே தொங்கவிட்டு, கயிற்றை இழுத்தால் தண்ணீர் கொட்டும். வந்திருந்த வெளிநாட்டு விருந்தினர்கள் இதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

“நம்ம வீட்டுல மே மாசம் தண்ணி லாரி வராதப்போ வந்து பாக்கச் சொல்லுங்க. கயிறுகூட கெடையாது.”

அம்மா அங்கே பாடிக்கொண்டே வேலை செய்தாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை. அதையும் நோட்டில் குறித்துவைத்தேன், பறவைகளின் பக்கத்தில்.

முகாமில் ஓர் அக்கா இருந்தாள். அவள் வேலை தடம் பார்ப்பது. விடிந்ததும் முகாமை ஒரு சுற்றுச் சுற்றி, இரவில் எது வந்தது, எந்தப் பக்கம் போனது என்று மணலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதன் பிறகுதான் விருந்தினர்கள் வெளியே வரலாம். இரண்டாம் நாள் காலை அவள் எங்கள் கூடாரத்துக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். மணல் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அம்மா விடியலிலேயே எழுந்து, கூடாரத்தின் நான்கு பக்கமும் பெருக்கியிருந்தாள். எழுந்ததும் வாசலைப் பெருக்காமல் அவளால் அடுப்புப் பக்கம் போக முடியாது. வாசல் முழுக்க மணல் என்பது அவளைப் பொறுத்தவரை பெருக்காமல் விட ஒரு காரணமே இல்லை.

“நீங்கள் என் செய்தித்தாளைக் கிழித்துவிட்டீர்கள்” என்றாள் அக்கா. அவளுடைய ஆங்கிலத்தை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அய்யோ, தெரியாதுன்னு சொல்லுடி. இனிமே அவங்க பாத்துட்டுப் போனப்புறம்தான் பெருக்குவேன்னு சொல்லு.”

சொன்ன சொல்லை ஐந்து நாள் காப்பாற்றினாள். துடைப்பத்தோடு கூடார வாசலில் காத்திருப்பாள். அக்கா கடந்து போனதும் இறங்குவாள். நான் அக்காவின் பின்னால் ஓடி, பல்லி, நரி, மான் என்று தடங்களை ஸ்கேலால் அளந்து எழுதுவேன்.

எட்டாம் நாள் நான் விழித்தபோது பெருக்கும் சத்தம் கேட்டது. அக்கா வரும் நேரம் இன்னும் ஆகவில்லை. வலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூடுபனிக்குள் அம்மா குனிந்து, வேகமாக, எதையோ துரத்துவதுபோல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் மணலில் வட்ட வட்டமாகத் தடங்கள். அவை கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அம்மா பின்னாலேயே போனாள். அவள் கடந்த இடத்தில் எதுவும் மிச்சமில்லை.

கடைசித் தடத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். நெற்றியில் வியர்வை.

“என்னம்மா அது?”

“ஒண்ணும் இல்ல. குப்பை. படு.”

நான் படுக்கவில்லை. அம்மா அடுப்பு மூட்டப் போனதும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குழாய் சொட்டும் ஈரத்தில், ஒரே ஒரு தடம் தப்பியிருந்தது. அளந்தேன். அகலம் பதினொரு சென்டிமீட்டர். விரல்கள் நான்கு. நகக்குறி இல்லை. நகம் பதியாவிட்டால் பூனை இனம் என்பது மூன்றாம் நாளே என் நோட்டில் ஏறியிருந்தது. இவ்வளவு பெரிய பூனை எது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓடியதில்லை.

அக்கா மண்டியிட்டுப் பார்த்தாள். “பெண் சிங்கம்” என்றாள். “சபாஷ்!” என்று என் தோளைத் தட்டினாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். பெருக்கிய மணல், வரிவரியாக.

“ஒற்றைக் காலோடு வந்ததா இது?”

“இல்லக்கா, நிறைய இருந்துச்சு. கூடாரத்தைச் சுத்தி இருந்துச்சு. அம்மா பெருக்கிட்டாங்க” என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். ஆய்வில் தகவல் விட்டுப்போகக் கூடாது அல்லவா?

அம்மா சமையல் கரண்டியோடு வந்து நின்றாள். அது என்ன தடமென்று அம்மாவுக்குத் தெரியுமா என்று அக்கா என்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

“நாய்னு நெனச்சேன்னு சொல்லு.”

“இங்க நாயே கெடையாதேம்மா.”

“சொல்லுடி.”

சொன்னேன். அக்கா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தாள். பிறகு, “நான் சொல்லித்தான் ஆக வேண்டும். என்னை மன்னிக்கச் சொல்” என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். சிங்கத்தைக் கண்டுபிடித்த நல்ல நாளில் யார் யாரை எதற்கு மன்னிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

சாமான் இறக்க வரும் விமானம் மறுநாள் காலை வருவதாக இருந்தது. அதில் இரண்டு இடம் ஒதுக்கினார்கள். முந்தின ராத்திரியே பழுது பார்க்கப் போயிருந்த அப்பா, மோட்டார் கொட்டகையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார்.

“தெரிஞ்சுதான பண்ணின?”

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

“பொண்ணு இருக்கா இல்ல? ஏதாவது ஆயிருந்தா?”

“ராத்திரி பூரா அது சுத்தினது எனக்குக் கேட்டுது. நான் கண்ணே மூடல. ஜிப்பைப் புடிச்சிகிட்டு உக்காந்துகிட்டேதான் இருந்தேன்.” குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் ஆறு நாள்தாங்க.”

அப்பா கை துடைக்கும் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அதற்குள் அக்காவைத் தேடிப் போயிருந்தேன். முகாமின் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேராக, பெண் சிங்கம் என்று எழுதி, கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டிருந்தாள். அதை அப்படியே என் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் நோட்டை வாங்கி முழுவதும் படித்தாள். “நல்லா இருக்கு” என்றாள்.

மறுநாள் விமானம் மணலிலிருந்து எழும்பியபோது அப்பா கீழே சிறிதாகிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் அவரையும் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மா அழுவதைப் பார்த்தேன்.

“ஏம்மா அழறே?”

“சத்தம். காதை அடைக்குது.”

காது அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். விமானியிடம் பஞ்சு கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதை இரண்டாகப் பிய்த்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. பஞ்சு போதவில்லை போலும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். வேலையை விட்டு மொத்தமாகத் திரும்பியது, நான் பொறியியல் முடித்த வருடம். இப்போது இருவரும் பீர்க்கன்கரணையில்தான் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவரும் எவரிடமும் அம்மா சிங்கக் கதையைச் சொல்லிவிடுவாள். “இவதான் கண்டுபுடிச்சா, ஒம்போது வயசுல” என்று என்னைக் காட்டுவாள். நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன். எத்தனை நாள் இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், “ரெண்டு வாரம்” என்பாள். நான் அதைத் திருத்துவதில்லை.