புத்தக ஓரத்தில் இரண்டு கையெழுத்து

விஜயத்துக்குத் தமிழில் பிழை வராது. தென்காசியில் அவளை அறிந்தவர்களுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் அது ஒன்றுதான். பள்ளியிறுதித் தேர்வில் தமிழில் முதலாவதாக வந்தவள். ஆசிரியைப் பயிற்சிக்குப் பாளையங்கோட்டையில் இடம் கிடைத்தபோது, பெண்ணை ஹாஸ்டலில் விட்டுவிட்டு என்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஜாதகங்கள் வந்தன, திரும்பிப் போயின. அப்பாவும் காலமானார். 1976இல், முப்பத்தைந்து வயது தாண்டியிருந்த விஜயம், கோவிலின் மொட்டைக் கோபுரம் தெரிகிற தெருவில் அண்ணன் ராமசேஷன் வீட்டில், மன்னி சாவித்ரிக்கு ஒத்தாசையாக இருந்தாள். அந்த வீட்டில் யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதும் இல்லை.

பீர் மைதீன் வாரம் ஒரு நாள் வருவார். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு, சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளில் அடைத்துக்கொண்டு வீடு வீடாக வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். தென்காசித் தெருக்களை முடித்துக்கொண்டு இலஞ்சி வழியாகக் குற்றாலம் வரை போவார். ஒரே புத்தகம் பல வீடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் முதல் வீட்டுக்கே வரும்.

வரும்போது அதன் ஓரங்கள் நிறைந்திருக்கும். படித்தவர்கள் எல்லாரும் ஏதாவது எழுதி வைப்பார்கள். 'இவன் ஏமாற்றப் போகிறான், பாருங்கள்' என்று ஒருவர். 'அடுத்து வருவதை ஏன் சொல்கிறீர்கள்?' என்று அதன் கீழே இன்னொருவர். பெயர் இருக்காது. ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டதும் இருக்காது. மையின் நிறமும் எழுத்தின் சாய்வும்தான் அடையாளம்.

விஜயம் வெகுகாலம் படிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் யாரோ 'கன்னீர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டிப் போன பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணன் மேஜையிலிருந்து பேனாவை எடுத்து வந்து, அந்த 'ன்னீ'யை அடித்து, மேலே நீல மையில் 'ண்ணீ' என்று எழுதினாள். அன்று மத்தியானம் அவளுக்குக் கண் அயரவில்லை. ஏதோ ஒரு வேலையில் சேர்ந்துவிட்டது போல மனம் பரபரத்தது.

அதன்பிறகு ஒவ்வொரு புத்தகத்தையும் அவள் இரண்டு முறை படித்தாள். ஒருமுறை கதை, ஒருமுறை ஓரம். கையில் பேனா இருக்கும்.

ஓரத்தில் எழுதுகிறவர்களில் ஒருத்தி பென்சிலால் எழுதினாள். குண்டு குண்டான எழுத்து. வரி மேலும் கீழுமாகப் போகும். பெண் என்று எப்படித் தெரிந்தது என்றால், தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மற்றவர்கள் கதையைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார்கள். பென்சில்காரி கதைக்குள் இருப்பவர்களோடு பேசினாள். 'அம்மை செத்த பொரவு ஓடி என்ண. இருக்கும் போது ஒரு தடவ போயிருக்களாம்' என்று ஒரு கதாநாயகியைக் கேட்டிருந்தாள். விஜயம் அந்த வரியை அன்று பலமுறை படித்தாள். பிறகு 'பொரவு' என்பதை 'பிறகு' ஆக்கினாள். 'என்ண'வை 'என்ன' ஆக்கினாள். 'களாம்' என்பதை 'கலாம்' ஆக்கினாள். எல்லாம் முடித்துவிட்டு, கீழே சிறிய எழுத்தில், 'நீங்கள் சொல்வது சரி. எனக்கும் இதைப் படித்து மனசு ஆறவில்லை' என்று எழுதினாள்.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. மேலே திருத்தம், கீழே பதில். பென்சில்காரி ஒரே ஒரு தடவைதான் எதிர்த்துக் கேட்டாள். 'தப்புண்ணு தெரியும். அர்த்தம் வெளங்குச்சா இல்லயா.' விஜயத்துக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தன்னைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று. எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும், வாழை என்றால் மரம், வாளை என்றால் மீன் என்று ஓரம் முழுக்க விளக்கி எழுதினாள். அடியில், இடம் போதாமல் நுணுக்கி, 'ஆனால் நீங்கள் எழுதியது நன்றாக விளங்கியது' என்றும் எழுதினாள்.

பீர் மைதீன் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார்.

"எழுதுங்கம்மா. இப்பல்லாம் கதைக்காக யாரு எடுக்கா? ஓரத்துல என்ன சண்டைன்னு பார்க்கத்தான் எடுக்காங்க."

அவர் சொன்னது உண்மைதான். புதிய கையெழுத்துகள் வந்து சேர்ந்தன. காலேஜ் பையன்களாக இருக்க வேண்டும். 'டீச்சர் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க' என்று நீல மைக்குப் பக்கத்தில் எழுதினார்கள். பென்சில் வரிகளுக்குக் கீழே பெரிய சைபர் போட்டு, 'முட்டை மார்க்' என்றார்கள். பிறகு பென்சில்காரியின் எழுத்தைப் போலவே குண்டு குண்டாக, வேண்டுமென்றே பிழை விட்டு எழுதிக் காட்டினார்கள். 'என்ண கொடும இது.' விஜயத்துக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பையன்களின் ஒற்றுப்பிழைகளையும் விடாமல் திருத்தினாள். அவர்களுக்கு வழி காட்டியது தன் பேனாதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பென்சில் வரிகள் குறுகின. ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்றாயின. பிறகு பிடித்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

'பென்சிலால் எழுதுகிறவர் ஏன் எழுதுவதில்லை?' என்று விஜயம் மூன்று நான்கு புத்தகங்களில் எழுதிப் பார்த்தாள். பதில் வரவில்லை. கடைசியில் பீர் மைதீனிடமே கேட்டாள்.

"குத்தாலத்துல ஒரு லாட்ஜைத் தளவாய்னு ஒருத்தர் பார்த்துக்கிடுதாரு. அவரு சம்சாரம் வள்ளித்தாய்தான் பென்சில். அந்தப் பிள்ளை புத்தகம் எடுக்குததையே நிறுத்திட்டும்மா."

1979 சீசனில் ராமசேஷன் குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். விஜயமும் போனாள். எல்லாரும் பேரருவிப் பக்கம் நடந்தபோது, தலை வலிக்கிறது, கோவில் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று மன்னியிடம் சொல்லிவிட்டு, பீர் மைதீன் சொன்ன லாட்ஜைத் தேடிப் போனாள். சாரல் புடவையை நனைத்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வழியெல்லாம் கூப்பிட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேச வேண்டும் என்று ஒரு வாக்கியத்தை அவள் மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டே நடந்தாள்.

லாட்ஜின் பின்பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு பெண் காயாத படுக்கை விரிப்புகளைக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். விஜயம் நினைத்ததைவிடச் சின்னவள்.

"யாரப் பாக்கணும் மாமி? ரூமு எல்லாம் நிறைஞ்சிட்டு."

"வள்ளித்தாய்ங்கறது..."

"நாந்தான்."

"நான் தென்காசி. பீர் மைதீன் புஸ்தகம் எங்காத்துக்கும் வரும்." தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் மறந்துபோயிற்று. "நீல மையில எழுதறது நான்தான்."

வள்ளித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விரிப்பை உதறிப் போட்டாள். உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து வைத்தாள்.

"உக்காருங்க."

"இப்பல்லாம் எழுதறதே இல்லியே, ஏன்?"

"எழுதி என்ன செய்ய மாமி. ஒரு எழுத்தாவது ஒழுங்கா வந்தால்லா."

"நீ எழுதினதெல்லாம் எனக்குப் புரிஞ்சுது. ஒண்ணு விடாமப் புரிஞ்சுது."

"புரிஞ்சுதுல்லா? பொறவு எதுக்குத் திருத்துனீக?"

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தப்பா இருந்துதே," என்றாள். சொல்லி முடித்ததும் அந்தப் பதில் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே பட்டது. "அடியிலே பதிலும் எழுதியிருந்தேனே. ஒவ்வொரு தடவையும் எழுதினேன். நீ பாக்கலியா?"

"அடியிலயா?" வள்ளித்தாய் யோசித்தாள். "அதுவரைக்கும் நான் போனதில்ல. மேல நீலமாத் தெரிஞ்சாலே புத்தகத்த மூடி வச்சிருவேன்."

சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வள்ளித்தாய் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"ரூமுக்கு வந்த பயலுவ ஒரு நாளு புத்தகத்த வாங்கிச் சத்தமா வாசிச்சானுவ. முட்டை மார்க்குன்னு ஒரே சிரிப்பு. எங்க வீட்டுக்காரவுகளும் கூட நின்னு சிரிச்சாக. நாந்தான் எழுதுனதுன்னு அவுகதான் சொல்லிக் குடுத்திருக்காக." விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "ஆலங்குளத்துல எங்க அம்மைக்கு நான்தான் கடுதாசி எழுதுவேன். இப்ப அவுகளே எழுதிப் போடுதாக. இங்கு அனைவரும் நலம்னு. அதுல தப்பு ஒண்ணும் இருக்காது."

"இனிமே நான் திருத்தலே. சத்தியமாத் திருத்தலே. நீ எழுது."

"நீங்க திருத்தாட்டாலும் எனக்குத் தெரியும்லா மாமி. பென்சில எடுத்தா கை நின்னுருது. மூணு சுழியா ரெண்டு சுழியான்னு முழிச்சிக்கிட்டு நிக்கேன். அதுக்குள்ள சொல்ல வந்தது போயிருது."

விஜயம் எழுந்தாள். ஸ்டூலை எடுத்துச் சுவரோரமாக வைத்தாள்.

"மழை வலுக்கும் போல இருக்கு. போயிருங்க மாமி," என்றாள் வள்ளித்தாய்.

பஸ்ஸில் மன்னி, "எங்கே போயிட்டே? கோவில் வாசல்லே காணோமே" என்று கேட்டாள். சும்மா நடந்தேன் என்று விஜயம் சொன்னாள். மன்னி மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்து வந்த புத்தகத்தில், புதிதாக எழுத ஆரம்பித்திருந்த யாரோ ஒருவரின் கோணல் வரிகளுக்குக் கீழே பையன்கள் வழக்கம்போல சைபர் போட்டிருந்தார்கள். விஜயம் எதையும் திருத்தவில்லை. 'யாரையும் கேலி செய்யாதீர்கள்' என்று மட்டும் எழுதினாள். புத்தகம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது, 'ஆரம்பித்தது டீச்சர்தானே' என்று பதில் இருந்தது. அவள் வரியில் 'கேலி'க்குப் பக்கத்தில் யாரோ ஒரு 'ச்' சேர்த்து, அவளுக்கும் முட்டை மார்க் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒற்று வராது. விஜயம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை எடுக்கவில்லை. அதோடு அவளும் எழுதுவதை விட்டாள்.

ஓரங்களில் சண்டை ஓய்ந்ததும் புத்தகத்துக்குக் கிராக்கியும் குறைந்தது. வீடுகளில் டி.வி. வந்த பிறகு பீர் மைதீனின் சைக்கிள் குற்றாலம் வரை போவதில்லை. ஒருநாள், எல்லாவற்றையும் எடைக்குப் போடப் போவதாகச் சொன்னார். விஜயம் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டுக் கட்டாகப் பிரித்துத் தேடினாள். பென்சில் வரிகள் இருந்த பழைய புத்தகங்கள் எப்போதோ கடலைக் கடைக்குப் போய்விட்டிருந்தன.

"வள்ளித்தாய் இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"தளவாய் வேலைய விட்டுட்டாருன்னு சொன்னாங்கம்மா. அச்சன்புதூர் பக்கம் போனதாக் கேள்வி. சரியாத் தெரியல."

1987இல் ராமசேஷனுக்கு மெட்ராஸுக்கு மாற்றலாகி, குரோம்பேட்டையில் வீடு பார்த்துப் போனார்கள். விஜயமும் கூடப் போனாள். அங்கே யாருக்கும் அவள் தமிழைப் பற்றித் தெரியாது. விண்ணப்பமோ கடிதமோ எழுதித் தரும்படி அண்ணன் எப்போதாவது கேட்டால், கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவாள். கண் நன்றாகத்தான் இருந்தது.