மாமா நித்திரை கொண்ட நாட்கள்

எனக்கு எட்டு வயது நடந்தபோது எங்கள் வீட்டில் ஒருவர் நித்திரை கொள்வதை நிறுத்திவிட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் இரண்டு மூன்று மாதங்கள் அதை நாங்கள் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அவர் அம்மாவின் கடைசித் தம்பி, எனக்குச் சின்ன மாமா. கொழும்பில் ஏழு மாதம் விளக்கமறியல் சிறையில் இருந்துவிட்டு எப்படியோ வெளியே வந்து, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் அப்போது ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தோம். மேலே வீட்டுச் சொந்தக்காரர்களான வயதான இத்தாலியக் கணவனும் மனைவியும். கீழே அம்மா, அப்பா, நான், பிறகு மாமா. மாமா இரவில் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி ஏற்றினார். விடிந்ததும் நேரே இன்னொரு வேலைக்குப் போய் மதியம் தாண்டித்தான் வீடு வருவார். அம்மாவும் அப்பாவும் பகல் வேலை. ஆகவே நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அம்மா ஆறு மணிக்கு வரும்வரை என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாமாவுடையது.

இரண்டு வேலை செய்கிற மனிதன் அந்த நேரத்தில் அடித்துப் போட்டமாதிரிக் கிடக்கவேண்டும். மாமா கிடக்கவில்லை. சமையலறை அலுமாரிக் கதவுகளைக் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டினார். கார்ப்பெற்றைப் பழைய பல் பிரஷால் தேய்த்தார். ரேடியோவை நூறு துண்டாகக் கழற்றிப் பரப்பிவைத்து, அதைத் திரும்பப் பூட்டாமல் அடுத்து டெலிபோனைக் கழற்றினார். அப்பா வேலையிடத்தில், "என்ர மச்சான் மனிசனில்லை, மிஷின்" என்று சொல்லிப் பெருமையடித்தார். அம்மா தம்பியை நினைத்து நெஞ்சு நிறைந்துபோய் இருந்தார்.

நித்திரை வராமலிருக்க வேலையிடத்துச் சிநேகிதன் ஒருவன் மருந்து தருகிறான் என்று மாமா ஒருமுறை அப்பாவிடம் சொன்னாராம். கோப்பியின் பெரிய அண்ணன் போல ஏதோ ஒன்று என்று அப்பா விளங்கிக்கொண்டார். மெத்தம்பெற்றமின் என்ற பெயரை எங்கள் வீட்டில் அப்போது யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கேள்விப்பட்டிருந்தாலும் அதைச் சரியாக உச்சரிக்கவே எங்களுக்கு ஒரு கிழமை எடுத்திருக்கும்.

குளிர் தொடங்கியபோது மாமா வற்றத் தொடங்கினார். அம்மா கட்டிக்கொடுத்த சோறு பிரிபடாமலே திரும்பி வந்தது. பேசும்போது தாடை ஒருபக்கமாக இழுத்தது. பேசாதபோது பல்லை அரைத்தார். நான் வீட்டுப்பாடம் எழுதும் மேசைவரை அந்தச் சத்தம் கேட்கும். வெளியே பனி கொட்ட, உள்ளே வெறும் பெனியனோடு வியர்த்து ஒழுக நின்றார். கருமணி பெருத்து, கண் முழுவதுமே கறுப்பாகத் தெரிந்தது. ஒருநாள் பாண் துண்டைக் கடித்தபோது முன்பல்லில் ஒரு துண்டு உடைந்து கையோடு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது.

அந்தக் குளிரில்தான் ஒரு பின்னேரம், நான் புத்தகப் பையோடு உள்ளே வந்தபோது, மாமா கதிரையில் ஏறிநின்று, சுவரின் மேலே வீட்டுக்குச் சூட்டுக்காற்று வரும் துவாரத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தார். அசையாதே என்று கையால் காட்டினார்.

"கேக்குதோ?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். குரல்கள் கேட்டன. இரண்டு பேர், தணிந்த குரலில், எனக்கு விளங்காத பாஷையில்.

"மேல் வீட்டு ஆக்கள், மாமா."

"அவையின்ர கார் நிக்குதோ எண்டு பார்."

யன்னலில் எட்டிப் பார்த்தேன். பேஸ்மென்ட் யன்னல் நிலத்தோடு நிலமாக இருக்கும். கார் இல்லை. பனிக்குள் அது நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகக் கறுத்துக் கிடந்தது. குரல்களோ தங்கள் பாட்டில் கதைத்துக்கொண்டே இருந்தன. காரில் கிழவன் மட்டும் போயிருக்கலாம், கிழவி ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று எட்டு வயதில் யாருக்குத் தோன்றும்?

"சுவருக்குள்ளை இருக்கிறாங்கள்" என்றார் மாமா. "கொழும்பிலை என்னை விசாரிச்ச அதே ஆக்கள். உனக்கும் கேக்குதெல்லே? அப்ப எனக்கு விசரில்லை."

அவர் முகத்தில் அப்போது வந்த ஆறுதலை நான் மறக்கவில்லை. அந்த வீட்டில் அந்தக் குரல்களை அவரோடு சேர்ந்து கேட்ட ஒரே ஆள் நான்தான். இறங்கி வந்து என் முன்னால் முழங்காலில் இருந்தார்.

"நான் நித்திரை கொண்டால் அவங்கள் வருவாங்கள், மருமகள். அதுதான் முழிச்சுக்கொண்டிருக்கிறன். அக்காவுக்குச் சொல்லாதை, பயந்திடுவா."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமா வேலைக்காக விழித்திருக்கவில்லை. எங்களைக் காவல் காக்கிறார். வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு மாமா கிடையாது என்று எனக்குப் பயத்தோடு பயமாகப் பெருமையும் வந்தது.

சில நாட்களில் எனக்கு ஒரு பொறுப்பும் கிடைத்தது. உடைந்த கற்கண்டு போல ஏதோ கிடந்த ஒரு சின்னஞ்சிறிய பிளாஸ்டிக் பையைத் தந்து ஒளிக்கச் சொன்னார். தன்னை விழிப்பாக வைத்திருக்கும் மருந்து அதுதான் என்றும், தன்னுடைய சாமான்களைத் தேடுகிறவர்கள் ஒரு சின்னப் பிள்ளையுடையதைத் தேடமாட்டார்கள் என்றும் சொன்னார். திறக்கவே கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். எனக்கு அளவு சிறுத்துப்போன பழைய பனிச்சப்பாத்துக்குள் அதை வைத்தேன்.

மாசி மாதமளவில் தோலுக்குக் கீழே ஏதோ ஊர்கிறது என்று சொறியத் தொடங்கினார். நகத்தால் சொறிந்தவர், பிறகு அம்மாவின் தையல் ஊசியை எடுத்தார். முகம், கழுத்து, கை எல்லாம் புண். ஒருநாள் வேலைக்குப் போகாமல் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே குந்தியிருந்து பிதற்றிக்கொண்டிருந்தார். கிட்டப் போன அப்பாவைத் தள்ளி விழுத்தினார். அம்மா மெல்லப் போய்த் தம்பியின் நெற்றியைத் தொட்டார். கொதித்தது. சட்டையை விலக்கி உடம்பைப் பார்த்தார். உடனே இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

"அம்மாள் வந்திருக்கிறா."

அம்மாள் என்றால் எங்கள் ஆட்கள் கொப்புளிப்பானுக்கு, அம்மைக்குச் சொல்லும் பெயர். அது நோயில்லை, மாரியம்மன் வீட்டுக்கு வருவது. காய்ச்சல், பிதற்றல், உடம்பெல்லாம் புண் என்று எல்லாக் குறியும் பொருந்தின. டொக்டரிடம் கொண்டுபோவோம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

"அம்மாள் வருத்தத்துக்கு மருந்து குடுக்கப்படாது. நீங்கள் சும்மா இருங்கோ" என்றார் அம்மா. அப்பா சும்மா இருந்தார்.

அடுப்பில் தாளிப்பது நின்றது. மீன், இறைச்சி வீட்டுக்குள் வரவில்லை. மாமாவின் அறையில் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. வாசலில் வேப்பிலை கட்டவேண்டும். மாசி மாத ரெக்ஸ்டேலில் வேப்பிலைக்கு எங்கே போவது? அம்மா குளிர்பெட்டியில் இருந்த கறிவேப்பிலையை எடுத்துக் கட்டிவிட்டு, "எங்களுக்கு இதுதான் தாயே கிடைச்சது, குறை நினையாதை" என்று அம்மாளிடம் நிலைமையைச் சொன்னார். பின்னாளில் எல்லாம் பிழையாய்ப்போனபோது அம்மா அந்தக் கறிவேப்பிலையைத்தான் குறை சொன்னார். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாள் வந்த வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது, அங்கிருந்து யாரும் போகக்கூடாது. அம்மா வேலைக்கு லீவு போட்டார். நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. மாமாவைத் தேடி வந்த வேலையிடத்துச் சிநேகிதனைப் படியிலேயே மறித்து அம்மா திருப்பி அனுப்பினார். அப்படியாக, எதற்கு வைத்தியம் செய்கிறோம் என்று தெரியாமலே, ஒரு நல்ல வைத்தியர் செய்திருக்கக்கூடிய பாதி வேலையை எங்கள் வீடு செய்து முடித்தது.

மாமா நித்திரை கொண்டார். ஐந்து நாட்கள். தண்ணீர் குடிக்க மட்டும் எழும்பி, மறுபடி விழுந்தார். அம்மா வாசலில் இருந்து பார்த்துப் பார்த்து, "அம்மாள் குளிர்ந்திட்டா" என்று கண்ணைத் துடைத்தார். அந்த ஐந்து நாட்களும் என் வாழ்க்கையிலேயே நான் ஆகக் கூடுதலாகப் பயந்த நாட்கள். காவல்காரர் நித்திரை. பட்டப்பகலில், அம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே, துவாரத்திலிருந்து குரல்கள் வந்தன. முன்பு விளங்காத பாஷையாக இருந்தவை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விளங்கத் தொடங்கின. ஒருமுறை என் பெயரைச் சொன்னார்கள். சத்தியமாகக் கேட்டேன். காதைப் பொத்தினாலும் கேட்டது. மாமாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் நாள் மாமா எழும்பி, பசிக்குது அக்கா என்றார். இரண்டு கோப்பை கஞ்சி குடித்து, மூன்றாவது கேட்டார். கண் திரும்பக் கண்ணாக இருந்தது. நான் கீறிய படத்தைப் பார்த்து உடைந்த பல் தெரியச் சிரித்தார். மறுநாள் தண்ணீர் வார்ப்பு. வெயிலில் சூடாகவேண்டிய தண்ணீரை அம்மா அந்தச் சின்ன யன்னலுக்குக் கீழே வாளியோடு வைத்து, மஞ்சளும் கறிவேப்பிலையும் போட்டு, தம்பியின் தலையில் வார்த்தார். ஈரத்தலையோடு மாமா சொன்னார், "இனி இரவு வேலை வேண்டாமக்கா. பகல் வேலை ஒண்டு பாப்பம்."

அந்தப் பகல் வேலைக்கு அவர் போகவேயில்லை. நான்கு வருடம் கழித்து, வாயில் பாதிப் பல்லும் இல்லாமல், அக்காவைக்கூடச் சந்தேகிக்கும் மனதோடு, ஒரு பஸ் தரிப்பில் இருதயம் நின்று இறந்துபோனார். வயது முப்பது. எழுபது வயதுக்காரரின் இருதயம் என்றாராம் டொக்டர். இடையில் நடந்தவற்றை எழுத எனக்கு மனமில்லை. தண்ணீர் வார்த்ததற்கு மறுநாள் பின்னேரத்தை மட்டும் எழுதிவிடுகிறேன். அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தேன். மாமா போர்வையை இழுத்துக்கொண்டு படுக்கப் போனார். துவாரத்தில் குரல்கள் தொடங்கின. ஓடிப்போய் அவர் தோளை உலுப்பினேன்.

"மாமா, அவங்கள் கதைக்கிறாங்கள்!"

அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"அது மேல் வீட்டு மனிசி ரேடியோ கேக்கிறா, பிள்ளை. எனக்குத்தான் மூளை பிசகிப் போச்சுது. உன்னையும் வெருட்டிப் போட்டன்."

சுவருக்குள் இருந்தவர்கள் மாமாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. சப்பாத்துக்குள் இருந்ததை எடுத்துவந்து நீட்டினேன். மாமா எழும்பி உட்கார்ந்தார். கை அதை நோக்கி வந்து, பாதியில் நின்று, திரும்பப் போனது. மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொண்டுபோய்க் கொட்டு, பிள்ளை. கெதியாக் கொண்டு போ."

நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

"நீங்கள் நித்திரை கொண்டால் எங்களை ஆர் பாக்கிறது?" என்று அழுதேன்.

நான் அவருடைய கையை விரித்து, பையை உள்ளே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டேன். மாமா அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தால் தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

நான் உதவி செய்த சந்தோசத்தில்தான் அழுகிறார் என்று நினைத்தேன். உள்ளே அவர் நடக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியதும் எனக்குப் பயம் விட்டுப்போனது. மேசையில் இருந்து வீட்டுப்பாடம் முழுவதையும் ஒரு பிழையுமில்லாமல் செய்துமுடித்தேன்.