வாழைத்தண்டு வைத்து வார்த்த கற்கள்

புதுத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டுகொண்டிருந்த எழுபதுகளில், கான்கிரீட் பிளாக் வார்க்கும் யார்டில் நான் ஜூனியர் இன்ஜினீயர். என் வார்ப்புகள் வழவழப்பாக இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதைக் கெடுத்தவர் டீச்சர்.

அவர் நாசரேத்துக்காரர். விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், சிப்பி ஆராய்ச்சிக்காக எங்கள் கரைக்கு வந்திருந்தார். ஒருநாள் என் பிளாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எது ஒட்டும் தம்பி? கடல்ல கெடக்கப் போற கல்லு. ஏதாவது குடியிருக்கட்டுமே" என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. கடலடி முத்துப்பார்களில் சிப்பி இல்லாமல், சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. பவளப் பாறையையும் வெட்டி வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனார்கள். சில கற்களைச் சொரசொரப்பாக, பொந்து வைத்து வார்க்கலாமா என்று பெரிய இன்ஜினீயரிடம் கேட்டேன். "உள்பக்கம், அலை அடிக்காத இடத்துல நாலஞ்சு போட்டுப் பாரு. பலம் குறைஞ்சா நீதான் பொறுப்பு" என்றார்.

அச்சின் உள்பக்கம் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றினோம். துவாரம் விழ வேண்டிய இடங்களில் வாழைத்தண்டைச் செருகி வார்த்தோம். தண்டு அழுகியதும் நோண்டி எடுத்தோம். அம்மை வடு விழுந்த முகம்போல இருந்த அந்தக் கற்களைப் பார்த்து யார்டே சிரித்தது. சுவரின் உள்பக்கம் கடலில் அவற்றை இறக்கினோம்.

தருவைகுளத்திலிருந்து வந்த முக்குளிக்கிற அண்ணாச்சி ஒருவர்தான் அவ்வப்போது இறங்கிப் பார்ப்பார். வெகுநாள் பாசியைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு காலையில் படகின் விளிம்பைப் பிடித்தபடி அவர் கையை விரித்தார். நகம் அளவு முத்துச்சிப்பிக் குஞ்சுகள்.

"பொந்துக்குள்ள களவா மீனும் கெடக்கு சார். என்னைப் பாத்து மொறைக்கி" என்றார்.

டீச்சர் உள்ளங்கையில் வாங்கி எண்ணிப் பார்த்தார். குஞ்சுகளைத் திரும்ப அதே கல்லில் விடச் சொன்னார்.

அடுத்த வருஷம் கப்பல் நிற்குமிடத்தை ஆழப்படுத்தத் தூர்வாரும் கப்பல் வந்தது. கற்களை முதலில் வேறிடம் மாற்றிவிடலாம் என்று கேட்க, நானும் டீச்சரும் பெரிய இன்ஜினீயரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டு, "கல்லைத் தூக்க கிரேனை வேலைய விட்டு எடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. சிப்பிக்காகன்னு மேல எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

தூர்வாரியதில் கடல் பல வாரம் கலங்கிக் கிடந்தது. கொஞ்சம் தெளிந்ததும் அண்ணாச்சி இறங்கினார். உடனே மேலே வந்துவிட்டார்.

"அங்கன ஒரே சேறு சார். கல்லு எதுன்னே தெரியல. கை வச்சா உள்ள போவுது."

இரண்டாம் முறை இறங்கிக் கொஞ்சம் சிப்பிகளைக் கொண்டுவந்தார். எல்லாம் வாய் பிளந்திருந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகக் கடல்நீரில் கழுவினார். கழுவக் கழுவச் சேறு வந்துகொண்டே இருந்தது. "போதும் டீச்சர்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

அந்த வருஷமே அவர் ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தார். நான் யார்டிலேயே இருந்தேன். பழைய அச்சில், பழையபடி வழவழப்பாக வார்த்தேன்.

ஒருமுறை நாசரேத் போனபோது அவர் வீட்டுக்குச் சென்றேன். காப்பி கொடுத்தார். "கப்பலெல்லாம் வருதா?" என்று கேட்டார்.

"வருது டீச்சர். பெரிய கப்பலெல்லாம் வருது."

"நல்லது" என்றார். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.