ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி

போன கிழமை லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. பெட்டியை உடைத்ததும் நான் தேடியது மெஷினை அல்ல, அதோடு வருகிற கையேட்டை. இல்லை. கறுப்புப் புள்ளிகள் நெருக்கிய ஒரு சதுரம் அச்சடித்த அட்டைதான் இருந்தது. அதைப் போனில் படம் பிடித்தால் உதவி வருமாம். மனம் விட்டுப்போயிற்று. சிலர் புதுச் சட்டையை முகர்ந்து பார்ப்பார்கள். நான் கையேட்டை முகர்கிற ஆள். ஒரு காலத்தில் நானும் நூலாசிரியன் என்பது காரணம். வாழ்க்கையில் எழுதியது மொத்தம் பத்துப் பன்னிரண்டு பக்கம் என்பதால் இதை வெளியே சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஈஸ்ட்ஹாமில் ஒரு கடைக்கு மேலே எனக்கு ஓர் அறை. பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட். "எத்தனையாம் நம்பர் பம்ப்?" என்பதுதான் நாள் முழுக்க நான் மனிதரோடு பேசிய பேச்சு. அதற்கும் பாதிப்பேர் விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அங்கேதான் செல்வம் வந்தான். அவன் காரின் பின்னால் தூண்டில்போல ஓர் ஏரியல் ஆடிக்கொண்டிருந்தது. "மீன் பிடிக்கவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னான்: "இல்ல, ஆள் பிடிக்க." மலேசியாவின் ஈப்போக்காரன். படிக்க வந்து, இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலையாகி, லண்டனின் வடக்கே எட்மண்டனில் தங்கிவிட்டவன். அமெச்சூர் ரேடியோ அவன் பைத்தியம்.

இவர்களுடைய வழக்கம் வேடிக்கையானது. "யாராவது இருக்கிறீர்களா?" என்று காற்றைப் பார்த்து அழைப்பார்கள். முன்பின் தெரியாத எவரோ எந்த நாட்டிலிருந்தோ பதில் சொல்வார். பெயர், ஊர், சிக்னல் எப்படி, மழையா வெயிலா, அவ்வளவுதான் பேச்சு. செல்வம் எழுதியிருந்த மென்பொருளில் வாய் திறக்கவே தேவையில்லை. கொம்பியூட்டரில் தட்டினால் எழுத்தெல்லாம் ஓசையாகி ரேடியோ வழியே போய், மற்றவர் திரையில் திரும்பவும் எழுத்தாகும்.

அதற்கு அவன் எழுதிய கையேடு ஒரே ஒரு தாள். "வழக்கமான இணைப்புகளைச் செய்யவும்" என்று தொடங்கும். யாருடைய வழக்கம்? அவனுடையது.

"நீங்க எழுதுங்களேன்" என்றான் ஒருநாள்.

"எனக்கு இதில ஒண்டும் தெரியாதே."

"அதான்லா வேணும். எனக்கு எல்லாம் தெரியும். நான் எழுதுனா ஒருத்தனுக்கும் புரியல."

என் ஆங்கிலத்தை மெச்சித்தான் கேட்கிறான் என்று நினைத்திருந்தேன். சரி, மடையனாக இருப்பதும் ஒரு தகுதிதானே. சனிக்கிழமைகளில் எட்மண்டன் போய் அவனுடைய மேசையில் உட்காருவேன். எங்கே முட்டிக்கொள்கிறேனோ அங்கே ஒரு வரி எழுதுவேன். நிறைய முட்டிக்கொண்டேன், கையேடு வளர்ந்தது.

ஏழாம் பக்கத்தில் மாதிரி உரையாடல் ஒன்று வேண்டியிருந்தது. எனக்கு ரேடியோவில் பேச லைசென்ஸ் இல்லை; ஒருநாளும் ஒருவரோடும் பேசியதில்லை. ஆகவே கற்பனையில் ஓர் ஆளைப் பிடித்தேன். அவர் பெயர் சொன்னார், ஊர் சொன்னார், வானிலை சொன்னார். பிறகு, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். "ஓம், சோறும் மீன்குழம்பும். நீங்கள்?" என்று நான் பதில் சொன்னேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

செல்வம் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "என்னாங்க இது? ரேடியோவா, கல்யாண வீடா? வெட்டுங்க இத."

"மழையோ எண்டு கேக்கலாம், சிக்னல் எப்பிடி எண்டு கேக்கலாம், ஆளைப்பற்றி ஒண்டும் கேக்கக்கூடாதோ?"

"வெள்ளக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே."

அவன் தாளைக் கீழே வைத்தான். "இங்க வந்ததுலேர்ந்து உங்கள யாராச்சும் அப்படிக் கேட்டாங்களா?"

எனக்கு அந்த நேரம் பார்த்து ஸ்டேப்ளரில் அவசர வேலை வந்துவிட்டது. அவன் அந்த வரியை வெட்டவில்லை. ஹைஸ்ட்ரீட் கடையில் போட்டோகொப்பி அடித்தோம். சூடாக வந்து விழும் தாளின் அந்த மணம்! ஒவ்வொரு கையேட்டோடும் மென்பொருள் உள்ள ஒரு டிஸ்கை வைத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினோம்.

அடுத்த வருடம் செல்வம் ஈப்போவுக்கே திரும்பிவிட்டான். அப்பாவுக்குச் சுகமில்லை. போகும்போது பழைய ரேடியோவையும் கொம்பியூட்டரையும் என் தலையில் கட்டினான். அதற்காகவே சோதனை எழுதி லைசென்ஸ் எடுத்தேன். ஜன்னலிலிருந்து பின்வளவு மதில்வரை கம்பி இழுத்தேன். வீட்டுக்கார அண்ணைதான் முதலில் கண்டார்.

"தம்பி, உதென்ன கம்பி?"

"ஏரியல் அண்ணை."

"பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்குச் சொல்லப்போறான். உடுப்புக் காயப்போடுற கொடியெண்டு சொல்லும்."

சொன்னேன். அண்ணையின் மனைவி, அந்த அக்காவே நம்பிவிட்டார். அன்று பின்னேரமே அதில் அவருடைய பாவாடைகள் காய்ந்தன.

என் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே அழைத்தேன். பதில் இல்லை. லீவு நாளெல்லாம் அழைத்தேன். "பதில் வரும்வரை காத்திருக்கவும்" என்று எழுதியிருந்தது. எவ்வளவு நேரம், எத்தனை கிழமை? அதை எழுதாத ஆசிரியனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி வைத்துவிடலாம் என்று தோன்றிய ஒரு ஞாயிறு மத்தியானம், திரையில் ஓர் எழுத்து விழுந்தது. பிறகு இன்னொன்று. நோர்வேயின் வட மூலையில் ஒரு துறைமுக ஊர். ஓலாவ் என்று பெயர். பனி கொட்டுகிறதாம். மிக மெதுவாகத் தட்டினார். நடுவில் எழுத்துகள் உதிர்ந்தன. கடைசியில்,

"சாப்பிட்டீர்களா?"

திரும்ப வாசித்தேன். பிறகுதான் விளங்கியது, மனிதர் எங்கள் ஏழாம் பக்கத்தைப் பார்த்து வரிக்கு வரி தட்டுகிறார். என் கேள்வியேதான். எழுதி, மடித்து, முத்திரை ஒட்டி நானே அனுப்பியது. இருந்தாலும் ஒரு மனிதர் கேட்கிறார் அல்லவா?

அலுமாரியில் அன்று காய்ந்த பாண் துண்டு மட்டும்தான். ஆனால் நானும் கையேட்டை மீறக்கூடாதே. "ஓம், சோறும் மீன்குழம்பும். நீங்கள்?" என்று தட்டினேன். அவர் பதில் தொடங்கும்போதே சிக்னல் தேய்ந்துவிட்டது. "மீன்" என்ற சொல் மட்டும் வந்து சேர்ந்தது.

எழும்பிப் போய் ஒரு மீன் டின் வாங்கிவந்து சோறு வைத்தேன். சொன்ன பொய்யை ஒரு மணித்தியாலம் பிந்தி உண்மையாக்கினேன்.

அந்த டிஸ்கைப் போட இப்போது கொம்பியூட்டரில் வாயே இல்லை. கம்பி போய்விட்டது. பாவாடை காயப்போட்ட அக்காவும் போய்விட்டார். செல்வத்தின் நம்பர் இரண்டு முறை மாறி, மூன்றாவது என்னிடம் இல்லை.

வாஷிங் மெஷின் அட்டையைப் படம் பிடித்தேன். போன் திரையில் ஒரு பெட்டி திறந்து, என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்து, குழாயை எங்கே மாட்டுவது என்று அழகாகச் சொன்னது. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றும் கேட்டது. வேண்டாம் என்று தட்டிவிட்டு, பெட்டி தானாக மூடும்வரை போனைக் கீழே வைக்காமல் இருந்தேன். ஏழாம் பக்கத்துக் கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.