ஏலக்காய்க் கடையும் இருபத்துநான்கு பைட் பூட்டும்

கம்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பிராட்பேண்ட் வந்த புதிது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நான் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அலுவலகத்தில் விடுப்பு தந்துவிட்டார்கள். ஆனால் எனக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று இருந்தது. பல நாடுகளில் இருக்கும் சிலர் சேர்ந்து, மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு திரெட் லைப்ரரியைப் பராமரித்து வந்தோம். ஒரு நிரலுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும்போது, இரண்டு வேலைகள் ஒரே தகவலில் கைவைத்துவிடாமல் தடுக்கும் பூட்டுகள் அதில் உண்டு. அந்தப் பூட்டுகள் என் பொறுப்பு.

புதிய பதிப்பில் ஒரு திருத்தம் செய்திருந்தோம். பூட்டுக்காகக் காத்திருக்கும் வேலைகள் வந்த வரிசைப்படி உள்ளே போக வேண்டும். அந்த வரிசையைக் குறித்துவைக்க எட்டு பைட் சேர்த்தோம். இருபத்துநான்கு பைட் பூட்டு முப்பத்திரண்டு ஆனது.

அண்ணன் ஏலக்காய் வியாபாரி. கடையில் எடை பதியும் நிரல் ஒரு கணினியில் ஓடும்; எங்கள் லைப்ரரியின் பூட்டுகளைத்தான் அதுவும் பயன்படுத்தியது. வேறு இரண்டிலிருந்து மதினியும் கணக்கரும் பதிவார்கள். நிரல் ஓடிய கணினி பழுதாகிப் புதிதாக ஒன்று வாங்கியபோது, எங்கள் புதிய பதிப்பை அதில் நானே பெருமையோடு போட்டுக்கொடுத்தேன். மதினி தனியாகப் பதிந்தவரை ஓடியது. கணக்கரும் சேர்ந்து பதிந்ததும் உறைந்து நின்றுவிட்டது.

“யாவாரிக குமுளியிலருந்து வந்து உக்காந்திருக்காக. நேத்து வரைக்கும் ஓடுனதுதான?” என்றார் அண்ணன்.

“இந்தப் புரோகிராம எழுதுனவர்கிட்ட அவரு எழுதுன சோர்ஸ் கோடு வாங்கிக் குடுண்ணே. திரும்பக் கம்பைல் பண்ணாப் போதும்.”

“அவரு துபாய் போயி வருசக்கணக்காச்சு. எங்கன இருக்காகன்னே தெரியல.”

பழைய பதிப்பைப் போட்டு அன்றைய வியாபாரத்தை ஒப்பேற்றினேன். காரணமும் அப்போதே பிடிபட்டுவிட்டது. பழைய பதிப்பை வைத்துக் கம்பைல் செய்த அந்த நிரல் பூட்டுக்கென்று இருபத்துநான்கு பைட் மட்டுமே ஒதுக்கியிருந்தது; திரும்பக் கம்பைல் செய்தால்தான் அது முப்பத்திரண்டாகும். யாராவது காத்திருக்க நேர்ந்தால், எங்கள் லைப்ரரி அதைத் தாண்டி, பக்கத்திலிருந்த எடைக் கணக்கின்மேல் வரிசையை எழுதிவிட்டது.

குழுத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எல்லோரும் திரும்பக் கம்பைல் செய்யட்டும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதை மதினியிடம் சொன்னேன்.

“அது நம்மால ஆகாதே. நம்மள மாதிரி ஆளுக வேற ஊருலயும் இருப்பாகள்ல?” என்றார்.

இருப்பார்கள். அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினேன். வயிறு மேசையில் இடித்ததால் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் தட்டச்சு செய்ய முடிந்தது. பழைய பூட்டுக்குள் பயன்படுத்தாத ஒரு மூலை இருந்தது. முதலில் அங்கே வரிசையைத் திணித்துப் பார்த்தேன். பழைய நிரல்கள் அந்த மூலையைச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்ததால், அங்கிருந்த குப்பையை லைப்ரரி வரிசை என்று படிக்க, கடை நிரல் மறுபடி நின்றது.

பிறகுதான், வரிசை பூட்டுக்குள்ளேயே ஏன் இருக்க வேண்டும் என்று யோசித்தேன். லைப்ரரிக்குள் தனியாக ஓர் அட்டவணை வைத்து, எந்த முகவரியில் உள்ள பூட்டுக்கு யார் யார் காத்திருக்கிறார்கள் என்று அங்கே குறித்தேன். பூட்டு பழைய அளவுக்கே திரும்பியது. புதிய பதிப்பை நம்பி முப்பத்திரண்டு பைட் ஒதுக்கிய நிரல்களும் கெடவில்லை. கடைசி எட்டை யாரும் தொடமாட்டார்கள், அவ்வளவுதான்.

கடையில் அதைப் போட்டேன். நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மதினியும் கணக்கரும் ஒரே நேரத்தில் பதிய ஆரம்பித்தார்கள். ஓடியது.

“இன்னும் வேகமா அடிங்க,” என்று மதினி கணக்கரைச் சீண்டினார். இருவரும் போட்டி போட்டு அடித்தார்கள். ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. இருந்த நிலையில் கைதட்டத்தான் முடிந்தது.

அந்த வாரமே தலைவர் என் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். பூட்டின் அளவை இனி யார் மாற்ற நினைத்தாலும் முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்று குழுவுக்கே எழுதியிருந்தார். அதை அண்ணனுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“வெளிநாட்டுக்காரகளே உன்கிட்டதான் கேக்கணுமா?” என்றவர், கல்லாவில் இருந்தபடியே அதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார், இந்த முறை கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக.