குடைக்காரரின் தங்கை

எங்கள் நர்ஸம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு அண்ணன்களுக்குப் பஞ்சமே கிடையாது. பாலத்துக்கடியிலும் பஸ் நிலையத்திலும் படுத்துக் கிடப்பவர்களுக்கு வேனில் போய் மருந்து கொடுப்பது அவர் வேலை. வேனை ஓட்டுவது நான். புண்ணைக் கழுவுவார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரையைத் தன் கண்ணெதிரிலேயே விழுங்க வைப்பார். வேனில் தீராததற்கு ஆஸ்பத்திரி. அங்கேயோ, கூட இருக்க ஒரு சொந்தக்காரர் இல்லாமல் ஆபரேஷனுக்குச் சேர்க்க மாட்டார்கள். வீடே இல்லாதவனிடம் வீட்டு ஆளைக் கூட்டிவா என்று கேட்கிற புண்ணியவான்கள். அதனால் நர்ஸம்மா வாய் கூசாமல் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார். "உங்கம்மா மொத்தம் எத்தனை பெத்தாங்க?" என்று வாசல் காவலாளி கிண்டலடிப்பான். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

குடைக்காரர் அப்படி வந்த அண்ணன்தான். பஸ் நிலையத்தில் குடை ரிப்பேர் செய்துகொண்டு அங்கேயே தூங்குகிறவர். சர்க்கரை வியாதியில் இடது கால் கறுத்து, ஆள் வருவதற்கு முன்னால் நாற்றம் வந்தது. யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, யாரும் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். வழக்கம்போல என் அண்ணன் என்று சொல்லிச் சேர்த்தார் நர்ஸம்மா. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கால் போன பிறகுதான் மனுஷன் வாயைத் திறந்தார். ஒரே மகள், தையல் கடையில் வேலை செய்கிறாள். மனைவி செத்த அன்றுகூடக் குடித்துவிட்டு எங்கேயோ கிடந்தவர், அதற்குப் பிறகு மகள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல் தெருவுக்கு வந்துவிட்டார்.

"ஒரு தடவ பாத்துட்டாப் போதும்மா. அவ மன்னிக்கணும்னு இல்ல."

நர்ஸம்மா கடைக்குப் போன் போட்டார். மகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றார் முதலாளி. மறுநாள் காய்ச்சல் ஏறியது. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, இனி எங்கள் கையில் எதுவும் இல்லை என்றார் டாக்டர். குடைக்காரர் வார்டு கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். செருப்புச் சத்தம் கேட்டால் போதும், தலையைத் தூக்குவார். நர்ஸம்மா மறுபடியும் கடைக்குப் போன் போட்டார். தகவல் அன்றைக்கே சொல்லியாச்சு என்று முதலாளி போனை வைத்துவிட்டார். நர்ஸம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு எட்டு வந்து பார்த்தால் குறைந்தா போய்விடுவாள் என்று வார்டே கேட்கும்படி திட்டித் தீர்த்தார். எனக்கும் அந்தப் பெண்மேல் ஆத்திரம்தான்.

கதவைப் பார்த்தபடியே குடைக்காரர் போய்ச் சேர்ந்தார். தங்கை என்ற முறையில் நர்ஸம்மா உடம்பை வாங்கினார். நாங்களே அடக்கம் செய்தோம்.

அடுத்த வாரம் ஒரு பெண் வேனைத் தேடி வந்தாள். கழுத்தில் அளவு நாடா, எடுக்க மறந்து அப்படியே வந்திருக்கிறாள். பஸ் நிலையத்துக் குடைக்காரரைக் கால் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனது நீங்கள்தானே என்று கேட்டாள். நர்ஸம்மா கையுறையைக் கழற்றிவிட்டு நடந்ததைச் சொன்னார். ஏன் வரவில்லை என்றும் கேட்டுவிட்டார்.

"வந்தேங்க. சொன்ன அன்னைக்கே வந்தேன். வாசல்ல பேரச் சொன்னதும், அவரோட தங்கச்சி உள்ள இருக்காங்க, ஒருத்தருக்கு மேல விட மாட்டோம்னாங்க. எங்கப்பாவுக்கு ஏதுங்க தங்கச்சி? இதுக்கு முன்னாடியும் எங்கப்பான்னு கூப்பிட்டு வேற யாரையோ காட்டியிருக்காங்க. இதுவும் அதே பேர்ல வேற ஆளுன்னு நெனச்சுத் திரும்பிட்டேன். நேத்து பஸ் ஸ்டாண்டுல, இங்க இருந்த குடைக்காரருக்குக் கால் எடுத்தாங்கன்னு பேசிக்கிட்டதக் கேட்டுதான் ஓடி வந்தேன்."

நர்ஸம்மா வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாராங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. கடைசி வரைக்கும் நெனவே இல்லாமதான் கெடந்தாரு."